கடலோர வீட்டுக்கு பைல் (அஸ்திவாரமாக மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்): மூன்று பேர் மூன்று ஆழம் சொல்கிறார்கள், யார் சொல்வது சரி?

ஓய்வு லைன்மேன் கேட்டது:

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டம், வேளாங்கண்ணிக்குத் தெற்கே வேட்டைக்காரனிருப்புப் பக்கம் எங்கள் ஊர். மின்வாரியத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா கட்டிய ஓட்டு வீட்டை 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கொண்டுபோனது. அன்றிலிருந்து தகரக் கொட்டகையும், பின்னால் ஒரு சின்ன அறையும்தான். இப்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதே மனையில் கீழே ஒன்று மேலே ஒன்று என்று தளத்துக்கு 1,200 சதுர அடியில் வீடு கட்டப் போகிறேன். மேலே எதற்கு என்று மகன் கேட்கிறான். தண்ணீர் வந்தால் ஏறி நிற்க ஒரு கான்கிரீட் தளம் வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவள், அவளிடம் வாதாட முடியாது.

மனை கடலிலிருந்து 640 மீட்டர். மேற்கே 80 மீட்டரில் வேதாரண்யம் கால்வாய். மகன் வற்புறுத்தியதால் இரண்டு இடத்தில் துளை போட்டு மண் பரிசோதனை செய்தேன். 28,000 ரூபாய் ஆயிற்று. மேலே மூன்றரை மீட்டர் வரை இளகிய குருமணல், எஸ்.பி.டி. எண் 6 முதல் 8. அதற்குக் கீழே 9 மீட்டர் வரை சாம்பல் நிறக் கடல் களி, சிப்பித் துண்டுகளோடு, எண் 2, சில இடத்தில் 3. அப்புறம் 11 மீட்டர் வரை வண்டல் கலந்த மணல், எண் 14. அதற்கும் கீழே கெட்டி மணல், எண் 35-க்கு மேல். தண்ணீர் 1.1 மீட்டரிலேயே வந்துவிட்டது.

எஸ்.பி.டி. என்றால் என்னவென்று அன்றுதான் நேரில் பார்த்தேன். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விடுகிறார்கள். குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பதுதான் அந்த எண். களியில் இரண்டே தடவை அடித்ததில் முப்பது செ.மீ. போனதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அதன் மேல்தான் எங்கள் அப்பா வீடு நாற்பது வருடம் நின்றிருக்கிறது.

இப்போது பிரச்சினை. எங்கள் ஊர் மேஸ்திரி, "பன்னிரண்டு இன்ச் அண்டர் ரீம் பைல், மூன்றரை மீட்டர், அடியில் குடை விரித்த மாதிரி அகலம் பண்ணிக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் நாலு வீட்டுக்குப் போட்டிருக்கிறேன்" என்கிறார். டவுன் காண்ட்ராக்டர் 400 மி.மீ. விட்டத்தில் 8 மீட்டர் போதும் என்கிறார். மண் பரிசோதனை செய்தவர்கள் எழுதியிருப்பது 12.5 மீட்டர். வீட்டுக்கு 14 தூண். அதில் இரண்டு தூணுக்கு மட்டும் இரட்டை பைல், ஆக 16 பைல். மீட்டருக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். 12.5 என்றால் 5 லட்சம் மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது.

எனக்குத் தெரிந்தது கம்பம் நடுவது மட்டும்தான். நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கஜாவில் எங்கள் செக்ஷனில் மணலில் நட்ட கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. களியில் நட்டவற்றில் பல நடுவில் முறிந்தன. வீடு சாயவும் கூடாது, முறியவும் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாகூர் பாய் எழுதியது:

லைன்மேன் சார், முதலில் ஒரு சலாம். மண் பரிசோதனை அறிக்கையோடு கேள்வி கேட்கும் ஆளை இங்கே பார்ப்பதே அபூர்வம். நான் துறைமுக வேலைகளில் பைலிங் சூப்பர்வைசராக இருந்தவன். தூத்துக்குடி, எண்ணூர் என்று போனதில் காது பாதி போய்விட்டது. அதனால் எழுத்தில்தான் பேசுவேன்.

அண்டர் ரீம் பைல் கெட்ட பொருள் இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக உருவாக்கிய முறை அது. வெயிலில் வெடித்து மழையில் உப்பும் மண்ணில் அடியில் இருக்கும் குமிழ் நங்கூரம் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். கோவில்பட்டிப் பக்கம் போய் உங்கள் மேஸ்திரி போட்டால் நானே கைகுலுக்குவேன். உங்கள் மனையில் தண்ணீர் 1.1 மீட்டரில். மூன்றரை மீட்டரில் தண்ணீருக்குள் இருக்கும் மணலை அகலமாகக் குடைந்தால் அது நிற்குமா? குடை விரிந்த அடுத்த நிமிடம் கூரை விழும். மேலே இழுத்துப் பார்த்தால் கருவி விரிந்ததாகக் காட்டும். உள்ளே குமிழ் இருக்காது, சேறுதான் இருக்கும். அப்படியே குமிழ் நின்றாலும் அது உட்காருவது எண் 2 உள்ள களியின் தலை மேல். தெருவில் நாலு வீடு நிற்கிறதென்றால் அவை ஒற்றைத் தள வீடுகளா, எத்தனை வருடம் ஆயிற்று, ஜன்னல் மூலையில் சாய்வாக வெடிப்பு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

8 மீட்டர் இன்னும் மோசம். அது களிக்குள்ளேயே முடிகிறது. காசையும் கொடுத்து, கெட்டி மணலுக்கு மூன்று மீட்டர் மேலே நின்றுவிடுகிறீர்கள். கிணறு வெட்டப் போய் ஊற்றுக்கு ஒரு முழம் முன்னால் கடப்பாரையைக் கீழே போட்ட கதைதான். 12.5 என்று எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கெட்டி மணலுக்குள் ஒன்றரை மீட்டர் இறங்குகிறது.

ஆனால் விட்டத்தை 450 ஆக்கச் சொல்லுங்கள். காரணம் பாரம் அல்ல, கவர். உப்புத் தண்ணீரில் கம்பிக்கு வெளியே 75 மி.மீ. கான்கிரீட் வேண்டும். 400-ல் இரண்டு பக்கமும் 75 விட்டால் கம்பிக் கூட்டுக்கு 250 தான் மிச்சம். அதற்குள் வளையம், கம்பி போக 150 மி.மீ. ட்ரெமி குழாயை, அதாவது கான்கிரீட்டைத் துளையின் அடி வரை கொண்டுபோகும் குழாயை, இறக்கினால், ஜாயிண்ட் கூட்டில் மாட்டும். மாட்டினால் ஆட்கள் என்ன செய்வார்கள்? குழாயை வெளியே எடுத்துவிட்டு மேலிருந்தே கொட்டுவார்கள். 12 மீட்டர் சேற்றுத் தண்ணீருக்குள் கொட்டிய கான்கிரீட் கீழே போய்ச் சேரும்போது ஜல்லி தனி, சிமெண்ட் பால் தனி. 450 என்றால் கூடு 300, குழாய் தாராளமாகப் போகும். 12 மி.மீ. கம்பி ஆறு போதும், அது குறைந்தபட்ச அளவைத் தாண்டிவிடும்.

துளையைச் சரியாமல் நிறுத்தி வைப்பது பெண்டோனைட் என்ற களிமண் பொடியைக் கரைத்த சேறு. ஒன்றை மறக்காதீர்கள்: பெண்டோனைட்டை நல்ல தண்ணீரில் கரைத்து, ஊறவிட்டு அப்புறம்தான் பயன்படுத்த வேண்டும். உப்புத் தண்ணீரில் அது ஊறாது, திரிந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாகப் பிரியும். மேலே உள்ள இளகிய மணலுக்கு மூன்றரை, நாலு மீட்டர் இரும்பு கேசிங், அதாவது துளைச் சுவரைத் தாங்கும் குழாய், இறக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட் போடத் தொடங்கும்போது ட்ரெமி துளையின் அடியை ஒட்டி நிற்க வேண்டும். அப்புறம் கான்கிரீட் மேலே ஏற ஏற குழாயைத் தூக்கலாம், ஆனால் குழாயின் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் புதைந்தே இருக்க வேண்டும். ஒரு தடவை வெளியே வந்தால் அந்த இடத்தில் சேறு புகுந்துவிடும். பைல் அங்கேயே இரண்டு துண்டு.

இதைச் சரிபார்க்க மெஷின் வேண்டாம். கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட் என்றால் 8 மூட்டை. ஒரு மூட்டைக் கலவை 125 லிட்டர். 450 மி.மீ. துளையில் அது சுமார் 78 செ.மீ. ஏற வேண்டும். டேப்பின் நுனியில் ஈயக் குண்டு கட்டி, இரண்டு மூட்டைக்கு ஒரு தடவை இறக்கிப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக ஏறினால் பயப்பட வேண்டாம், துளை எங்கோ அகன்றிருக்கிறது, சிமெண்ட் கொஞ்சம் கூடப் போகும். கணக்கைவிட வேகமாக ஏறினால்தான் வேலையை நிறுத்துங்கள். துளை அங்கே சுருங்கியிருக்கிறது. ஒரு பைலுக்குக் கணக்குப்படி 16 மூட்டை. 17 முதல் 19 வரை போனால் நல்ல பைல். 15-ல் முடித்துவிட்டேன் என்று ஒருவன் பெருமையாகச் சொன்னால், அவன் சிமெண்டை மிச்சம் பிடிக்கவில்லை, உங்கள் தூணைத் திருடியிருக்கிறான்.


கடலூர் மீனா எழுதியது:

அண்ணா, நான் பைல் போடவில்லை, அதனால் ஆழத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. எங்கள் மனை தேவனாம்பட்டினம் பக்கம். தானே புயலுக்கு அடுத்த வருடம் கட்டினோம். எங்களுக்கு மணல் மட்டும்தான், களி இல்லை, அதனால் முழு வீட்டுக்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை, ராஃப்ட் என்பார்கள். வீடு இறங்கவில்லை, சாயவில்லை. ஆனால் ஏழாவது வருடம் கீழ்த்தளத் தூண்களில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் நெடுக்கு வெடிப்பு வந்தது. தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம். உடைத்துப் பார்த்தபோது கம்பி இலை இலையாக உரிந்தது.

காரணம் தேடித் தேடிக் கடைசியில் தெரிந்தது தண்ணீர். எங்கள் காண்ட்ராக்டர் மனையில் போட்ட கைபம்புத் தண்ணீரிலேயே கலவை போட்டிருக்கிறார். நான் தினமும் டிபன் கட்டிக்கொண்டு போய் மேற்பார்வை பார்த்தேன். கம்பியை எண்ணினேன், செங்கல்லைத் தட்டிப் பார்த்தேன், தண்ணீரை ஒரு நாள் நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்புறம் ஒரு இன்ஜினியர் சொல்லித்தான் தெரியும்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதாம். எங்கள் பம்புத் தண்ணீரில் அதைப் போல மூன்று மடங்கு இருந்தது. தூண்களை உடைத்து, கம்பி சேர்த்து, மறுபடி கட்ட ஆன செலவில் ஒரு அறை கட்டியிருக்கலாம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் போதும். கலவைக்கு மட்டும் இல்லை அண்ணா, க்யூரிங்குக்கும், அதாவது போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும், நல்ல தண்ணீர்தான். அதற்குத்தான் ஏமாற்றுவார்கள், ஏனென்றால் சாயங்காலம் நாம் போய்விடுவோம்.


தரங்கம்பாடிக்காரன் எழுதியது:

எங்கள் ஊர் மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் கட்டியது. முன் பகுதி எப்போதோ கடலுக்குள் போய்விட்டது. கடல் எடுக்க நினைத்தால் பைல் என்ன, பாறை என்ன? ஐந்து லட்சத்தைப் புதைப்பதற்குப் பதில் உள்ளே தள்ளி மனை வாங்குங்கள் சார்.


ஓய்வு லைன்மேன் எழுதியது:

தரங்கம்பாடி சார், உள்ளே தள்ளி மனை வாங்கினால் அங்கே என் தென்னைகள் இருக்காது. கஜாவுக்குப் பிறகு வைத்த 22 கன்று இப்போதுதான் பாளை விடுகிறது. அதை விட்டுவிடுவோம்.

பாய், உங்கள் பதிலைப் பிரிண்ட் எடுத்து மேஸ்திரியிடம் காட்டினேன். அண்டர் ரீம் பற்றி ஒன்றும் பேசவில்லை, "ஈயக் குண்டு நம்மிடம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். வலை கட்டும் வீட்டுப் பிள்ளை. நாலு வீட்டில் இரண்டைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் ஜன்னல் மூலையில் நீங்கள் சொன்ன மாதிரியே சாய்வு வெடிப்பு. அதன் மேல் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

மீனா, என் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். குளோரைடு 1,900. கஜாவுக்கு முன்னால் இதே கிணற்றில்தான் குடித்தோம். டேங்கர் லாரிக்குப் பேசிவிட்டேன்.

இரண்டு கேள்வி பாக்கி. வெள்ளத்துக்குப் பயந்து மனையை 1.2 மீட்டர் சவுடு மண் அடித்து உயர்த்தச் சொல்கிறார்கள். பைல் போட்ட பிறகு அடிக்கலாமா, முன்னாலா? அப்புறம், கடைக்காரர் உப்புக்கு சல்பேட் தாங்கும் சிமெண்ட்தான் சரி என்கிறார், மூட்டைக்கு விலையும் கூட. வாங்கலாமா?


சிவில் தம்பி எழுதியது:

ஐயா, கட்டமைப்பு வடிவமைப்பில் எனக்கு ஒன்பது வருட அனுபவம். பாய் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்வி சுலபம், முதல் கேள்விதான் இந்த மனையின் உண்மையான ஆபத்து.

உங்களிடம் ஐந்தரை மீட்டர் தடிமனுக்கு இளகிய களி இருக்கிறது. அதன் மேல் 1.2 மீட்டர் சவுடு கொட்டினால் சதுர மீட்டருக்கு இரண்டு டன் புதிய பாரம். களி அந்தப் பாரத்தில் மெதுவாகத் தண்ணீரைக் கக்கி அமுங்கும், வருடக்கணக்கில். அதற்குள் பைல் நின்றால், அமுங்கும் களியும் அதன் மேல் உள்ள மணலும் பைலைச் சுற்றிப் பிடித்துக் கீழே இழுக்கும். பைல் வீட்டைத் தாங்குவது போதாதென்று மண்ணையும் தாங்க வேண்டி வரும். சேற்றில் நிற்கிறவனின் வேட்டியைப் பிடித்து நாலு பேர் தொங்கினால் எப்படி இருக்கும்? வீடு இறங்காமல் தப்பினாலும், சுற்றியுள்ள தரை இறங்கும். படிக்கட்டு வீட்டை விட்டுப் பிரியும், கழிவுநீர்க் குழாய் சுவர் ஓரத்தில் ஒடியும். இதையெல்லாம் வீட்டுக்காரர்கள் வாஸ்துக் கோளாறு என்று சொல்லி என்னிடம் வந்திருக்கிறார்கள்.

எனவே ஒன்று, இப்போதே சவுடு அடித்து, ஒரு மழைக்காலமாவது விட்டு, அமுங்குவதை அளந்து பார்த்து அப்புறம் பைல். அது உங்களுக்குப் பொறுக்காது என்றால், மனையை உயர்த்தாமல் வீட்டை மட்டும் உயர்த்துங்கள். பைல் தலைகளை இரண்டு திசையிலும் பீமால் இணைத்து, அதற்கு மேல் குட்டைத் தூண், அதில் தரைமட்டத்தைத் தாங்கும் பிளிந்த் பீம், கீழ்த்தளத்துக்கும் மாடி மாதிரியே ஸ்லாப். அடியில் காலியாக இருக்கட்டும், சுற்றி 60 செ.மீ. மட்டும் சவுடு. ஸ்லாப் செலவு கூடும், ஆனால் அவ்வளவு லோடு சவுடும் அதன் லாரி வாடகையும் மிச்சம். தண்ணீர் வந்தாலும் அடியில் ஓடிப் போய்விடும். நீங்கள் 2004-ல் பார்த்திருப்பீர்கள், அலை உள்ளே வந்ததைவிடத் திரும்பிப் போகும்போதுதான் அஸ்திவாரத்து மணலை அரித்தது. வீடு பைலில் நின்றால், மேலாக இருக்கும் மணல் கொஞ்சம் அரித்துப் போனாலும் பரவாயில்லை.

ஒரு தூணுக்கு ஒரே பைல் என்பதால் அந்த இணைப்பு பீம்களில் கஞ்சத்தனம் கூடாது. துளை ஐந்து, ஏழு செ.மீ. விலகிப் போவது சகஜம். அந்த விலகலால் வரும் வளைக்கும் விசையை பீம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிமெண்ட்: சல்பேட் தாங்கும் சிமெண்ட் வேண்டாம். அதில் ஒரு குறிப்பிட்ட அலுமினேட் பொருளைக் குறைத்திருப்பார்கள், அதனால்தான் சல்பேட்டைத் தாங்குகிறது. ஆனால் கடல் உப்பின் குளோரைடைப் பிடித்து வைத்து, கம்பியிடம் போகவிடாமல் தடுப்பதும் அதே பொருள்தான். கம்பிக்கு எதிரி குளோரைடு. கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சாம்பல் கலந்த பி.பி.சி. இரண்டும் விலையும் குறைவு. கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்35, தண்ணீர் சிமெண்டில் 0.45-க்கு மேல் போகக் கூடாது. ட்ரெமியில் வழுக்கிப் போக ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்க அளவு, 150 முதல் 180 மி.மீ. வேண்டும். அதை அட்மிக்ஸ்சர் என்ற ரசாயனத்தை ஊற்றிக் கொண்டுவர வேண்டும். வாளியில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருவார்கள், வாளியை ஒளித்து வையுங்கள்.

கடைசியாக, கடலிலிருந்து 640 மீட்டர் என்பதால் 500 மீட்டர் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்கு வெளியே என்று நினைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். கால்வாயில் கடல் ஏற்றநீர் ஏறுகிறதென்றால் அதன் கரைக்கும் எல்லை உண்டு. திட்ட அனுமதிக்குப் போகும்போது அந்த 80 மீட்டரை வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.


ஓய்வு லைன்மேன் எழுதியது (நான்கு மாதம் கழித்து):

கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று யாரும் திட்டவில்லையே, அதற்கே நன்றி. கால்வாய் விவகாரத்தில் இரண்டு மாதம் போயிற்று. அனுமதி வந்துவிட்டது.

450 மி.மீ., 12.5 மீட்டர், 16 பைல். சிவில் தம்பி சொன்னபடி சவுடைக் குறைத்துக் கீழ்த்தளத்துக்கும் ஸ்லாப். 450-க்கு ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள், அதை எழுதினால் மறுபடி வயிறு எரியும். பைல் போட்டது வேறொரு காண்ட்ராக்டர். ட்ரைபாட், விஞ்ச், ஆறு ஆட்கள். ஒரு நாளைக்கு ஒரு பைல்தான் முடிந்தது. துளையிலிருந்து வந்த களியை மனைவி தினமும் ஒரு சட்டி எடுத்து வைத்தாள். எதற்கு என்று கேட்டால், நாற்பது வருடம் எதன் மேல் படுத்திருந்தோம் என்று பார்க்கவாம். 6 மீட்டரில் வந்த களியில் முழுச் சிப்பி ஒன்று, உடையாமல்.

நோட்டு என்னிடம். ஈயக் குண்டு மேஸ்திரியிடம். ஆமாம், அண்டர் ரீம் சொன்ன அதே மேஸ்திரி, சம்பளத்துக்கு வைத்துக்கொண்டேன். முதல் ஆறு பைலும் 17, 18, 18, 19, 17, 18 மூட்டை. பாய் கணக்கு அச்சு மாதிரி இருந்தது.

ஏழாவது பைல் அன்று டேங்கர் வரவில்லை. எனக்குச் சொல்லவில்லை. பெண்டோனைட் தொட்டியில் அளவு குறைந்ததும், ஒரு பையன் என் கிணற்றில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டான். நான் போனபோது சேறு சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இல்லை, மேலே தெளிந்த தண்ணீர், கீழே திப்பி திப்பியாக. பார்த்தேன், ஏதோ வேறுபாடாக இருக்கிறது என்று நினைத்தேன், வாய் திறக்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள், நானும்தான்.

எட்டு மூட்டை போனபோது குண்டு 6.4 மீட்டரில் நின்றது. சரிதான். இன்னும் இரண்டு மூட்டை போட்டு இறக்கினால் 3.2-ல் நிற்கிறது. ஒன்றரை மீட்டர் ஏற வேண்டிய இடத்தில் மூன்றேகால் மீட்டர். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். மறுபடி இறக்கினோம், அதே 3.2. நிறுத்துங்கள் என்றேன். காண்ட்ராக்டரின் ஆள், "நல்லதுதானே சார், சிமெண்ட் மிச்சம்" என்றான். பாய், அந்த நேரத்தில் உங்கள் வரி ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அவர்கள் மிச்சத்தைக் கொட்டி 14 மூட்டையில் வாய் வரை நிரப்பிவிட்டார்கள்.

14 நாள் கழித்து சிவில் தம்பி ஏற்பாடு செய்தபடி எல்லாப் பைலிலும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பரிசோதனை நடந்தது. தலையில் ஒரு சென்சார், ஒரு தட்டு, திரையில் கோடு. பதினைந்து கோடு ஒரே மாதிரி. ஏழாவதில் ஐந்து மீட்டர் பக்கம் ஒரு நெளிவு. சுருங்கிய இடம் அதுதான். உப்புச் சேறு களியைத் தாங்காமல் விட்டிருக்கிறது, களி உள்ளே பிதுங்கியிருக்கிறது.

அந்தப் பைலை இல்லாததாகவே வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு பக்கமும் 1.35 மீட்டர் தள்ளி இரண்டு புதிய பைல், மேலே கனமான பீம், அதன் நடுவில் தூண் என்று தம்பி வரைந்து கொடுத்தார். காண்ட்ராக்டர் ஒன்றின் செலவை ஏற்றுக்கொண்டார், இன்னொன்று என் தலையில். கிணற்று மோட்டாரின் ஃப்யூஸ் கேரியரை மூன்று வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். 31 வருடம் ஊருக்கெல்லாம் ஃப்யூஸ் போட்டவன், சொந்த வீட்டில் பிடுங்கினேன். புதிய இரண்டும் 18, 18.

அடுத்த வாரம் பைல் தலைகளை உடைத்துக் கம்பியை வெளியே எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் ஒரே நாளில் முடித்துவிடும் என்கிறார்கள். பாய், என்ன சொல்கிறீர்கள்?


நாகூர் பாய் எழுதியது:

மெஷின் வேண்டாம் சார். கை உளி, இரண்டு ஆள், நாலு நாள். வெட்ட வேண்டிய மட்டத்துக்கு ஒரு கை மேலே வரை வேகமாக உடைக்கலாம், கடைசிக் கை அளவை மெதுவாக. நுரை மாதிரி இளகிய கான்கிரீட் முழுக்கப் போய், உளி பட்டால் கணீர் என்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கம்பியை மடக்கி நிமிர்த்த விடாதீர்கள்.

ஏழாம் நம்பர் தலையையும் உடையுங்கள், வேலைக்கு ஆகாவிட்டாலும். உள்ளே எப்படி இருக்கிறதென்று ஒரு போட்டோ போடுங்கள். அந்த முழுச் சிப்பியின் போட்டோவும் வேண்டும்.